படிக்கும்போது செய்த கேமை நாலு பேர் முன்னால் வைப்பது எப்படி

ஒரு செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்து ஒரு வீடியோ கேம் செய்து முடித்திருக்கிறீர்கள். மார்க்கும் வந்துவிட்டது. இப்போது கண்காட்சி நாளில் ஒரு மேசை தருகிறோம், வந்து வையுங்கள் என்கிறார்கள். சரி, வைக்கலாம். ஆனால் ஆசிரியரிடம் காட்டிய அதே கேமை அப்படியே கொண்டுபோய் வைத்தால் போதும் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். ஆசிரியர் உங்கள் கேமைக் கடைசி வரை பார்ப்பார், பார்த்தே ஆகவேண்டும், மார்க் போடுவது அவர் வேலை. வழியில் போகிறவருக்கு அந்தத் தலையெழுத்து கிடையாது. நின்று, கன்ட்ரோலரை எடுத்து, எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்றே புரியாமல் அரை நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்தப் பாராட்டை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் நிறைய பேர். நானும் ஒரு வருடம் அப்படிப் போயிருக்கிறேன்.

அதனால் முதல் வேலை, காட்டுவதற்கென்றே தனியாக ஒரு பில்ட், அதாவது ஓடவிடத் தயாரான ஒரு பதிப்பு, செய்வது. உங்கள் கேம் வேறு, காட்டும் பில்ட் வேறு. இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

காட்டும் பில்டில் என்ன இருக்கவேண்டும் என்பதைவிட என்ன இருக்கக்கூடாது என்று யோசிப்பது சுலபம். காலேஜ் லோகோ, எஞ்சின் (கேம் செய்யப் பயன்படுத்திய மென்பொருள்) லோகோ, டீம் லோகோ, அப்புறம் இரண்டு நிமிடக் கதை முன்னுரை, இதெல்லாம் வேண்டாம் (எஞ்சின் லோகோவைக் கட்டாயம் காட்டவேண்டும் என்று உங்கள் லைசென்ஸ் சொன்னால் அது மட்டும் இருக்கட்டும்). பட்டனை அழுத்தியதும் விளையாட்டு. முதல் லெவலில்தான் தொடங்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பொதுவாக நாம் முதலில் செய்த லெவல்தான் இருப்பதிலேயே மோசமாக இருக்கும், ஏனென்றால் அப்போது நமக்கே ஒன்றும் தெரியாது. இருப்பதில் நல்ல இடத்தை எடுத்து, அதன் முன்னால் அரை நிமிடத்துக்கு ஒரு கற்றுக்கொள்ளும் பகுதி வைத்து, மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் முடிகிற மாதிரி வெட்டுங்கள். முடிவு என்று ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். "டெமோ முடிந்தது, நன்றி" என்று ஒரு திரை வந்தால் விளையாடியவர் திருப்தியாக எழுந்திருப்பார், பின்னால் நிற்பவருக்கும் இடம் கிடைக்கும்.

இது ஒன்றும் புதுப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிடிபி-1 என்ற கணினியில் ஸ்பேஸ்வார் என்ற கேமை எழுதிய இளைஞர்கள், 1962 மே மாதம் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளில் அதை வைத்தார்கள். கூட்டம் கூடும் என்று முன்கூட்டியே கணித்து இரண்டு காரியம் செய்தார்கள். ஸ்கோர் வைத்து ஆட்டத்துக்கு ஒரு முடிவு கொண்டுவந்தார்கள், ஒரே ஆள் நகராமல் உட்கார்ந்திருப்பதைத் தடுக்க. இன்னொரு பெரிய திரையை உயரமான அலமாரி மேல் தூக்கி வைத்தார்கள், விளையாடாதவர்களும் பார்க்கட்டும் என்று. கணினியின் முன்பலகை சுவிட்சுகளோடு மல்லுக்கட்டி முழங்கை வலித்துப்போனதால் தனியாகக் கன்ட்ரோல் பெட்டிகளும் செய்து வைத்திருந்தார்கள். முறை மாற்றுவது, சுற்றி நிற்பவருக்குத் திரை, கையில் பிடிக்க வசதியான ஒரு பொருள்: அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு கேம் மேசைக்கு வேண்டியது இந்த மூன்றுதான்.

அடுத்து, ஆள் பாதியில் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அடுத்து வருபவர் லெவல் நடுவில், உயிர் ஒன்று மிச்சமிருக்கும் நிலையில் தொடங்கினால் அவருக்கு ஒன்றும் புரியாது. 45 விநாடியோ ஒரு நிமிடமோ யாரும் எதையும் தொடாவிட்டால் தானாகத் தொடக்கத் திரைக்குத் திரும்பட்டும். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய கீ, அழுத்தியதும் எல்லாம் முதலிலிருந்து. சேவ் செய்வதை எடுத்துவிடுங்கள், மெனுவில் வெளியேறும் பட்டனையும் எடுத்துவிடுங்கள், யாராவது ஒருவர் நிச்சயம் அதை அழுத்தி உங்கள் டெஸ்க்டாப்பையும் அதில் கிடக்கும் கோப்புகளின் பெயர்களையும் ஊருக்கே காட்டிவிடுவார். தொடக்கத் திரை சும்மா நிற்கவேண்டாம், யாரும் இல்லாத நேரத்தில் பின்னணியில் கேம் தானாக ஓடுகிற வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கட்டும். காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களின் காலத்திலிருந்து இதைச் செய்கிறார்கள். அசையும் திரை கண்ணை இழுக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மானத்தை வாங்கக்கூடியது. விண்டோஸில் ஷிஃப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி எழுந்து வரும். உங்கள் கேமில் ஓடுவதற்கோ தாவுவதற்கோ ஷிஃப்ட் வைத்திருந்தால், சின்னப் பிள்ளைகள் பத்து விநாடிக்கு ஒரு தடவை அதை வரவழைப்பார்கள். செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். அப்படியே நோட்டிஃபிகேஷன், தானாக வரும் அப்டேட், திரை தூங்கிப்போவது, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நண்பர் அனுப்பும் மெசேஜ் உங்கள் கேமின் உச்சக்கட்டக் காட்சிக்கு மேல் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதை எல்லாரும் சேர்ந்து படித்ததையும்.

உங்கள் மெஷினில் ஓடுகிறது என்பதற்கு அர்த்தம், உங்கள் மெஷினில் ஓடுகிறது என்பது மட்டும்தான். கண்காட்சிக்குக் கொண்டுபோகப்போகும் அதே மெஷினில், அதே திரையோடு, அதே கன்ட்ரோலரோடு ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். மாணவர் கேம்களில் அடிக்கடி பார்க்கிற கூத்து ஒன்று உண்டு. ஃபிரேம் கணக்கில் நகர்வை எழுதியிருப்பார்கள், கடந்த நேரத்தைப் பெருக்கியிருக்க மாட்டார்கள். விநாடிக்கு 60 தடவை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒழுங்காக நடந்த கதாபாத்திரம் 144 ஹெர்ட்ஸ் திரையில் பேய் பிடித்த மாதிரி ஓடும். இதை முந்தின வாரம் கண்டுபிடித்தால் ஒரு வரி மாற்றம், மேசை முன்னால் கண்டுபிடித்தால் அன்றைக்கு முழுக்கச் சமாளிப்புதான். இணையம் இல்லாமல் ஓடவேண்டும், இதில் பேச்சே இல்லை. கூட்டத்தில் வைஃபை எப்போதும் காலை வாரும். பில்டை இரண்டு பென்டிரைவில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று டீமில் இன்னொருவரிடம்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் பில்டை மூடிவிடவேண்டும். நான் ஒருமுறை முந்தின நாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு காலடிச் சத்தத்தை மட்டும் "சரி செய்தேன்". காலையில் முதல் கதவு திறக்கவில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு மத்தியானம்தான் புரிந்தது, அதுவரை வந்த அத்தனை பேருக்கும் பூட்டிய கதவு ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கேம் என்ன என்பதை ஒரு வாக்கியத்தில்

உங்களிடம் வரும் முதல் கேள்வி "இது என்ன கேம்?" என்பதுதான். இதற்குப் பதில் தயாராக இல்லாமல் போகிறவர்களே அதிகம். கேம் எதைப் பற்றியது என்று சொல்லாதீர்கள், விளையாடுபவர் என்ன செய்வார் என்று சொல்லுங்கள். "இருளுக்கும் ஒளிக்கும் இடையில் தன்னைத் தேடும் ஒரு பயணம்" என்றால் கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். "நீங்க ஒரு நிழல். வெளிச்சம் பட்டா காலி. ஒவ்வொரு விளக்கா அணைச்சுக்கிட்டே வீடு போய்ச் சேரணும்" என்றால் கை நீட்டுவார். அமெரிக்காவில் டிபால் பல்கலைக்கழக மாணவர்கள் 2010-ல் ஆக்டோடாட் என்று ஒரு கேம் செய்தார்கள்: நீங்கள் ஓர் ஆக்டோபஸ், மனித அப்பாவாக நடிக்கிறீர்கள், குடும்பத்துக்குத் தெரிந்துவிடக்கூடாது. அவ்வளவுதான், இதைக் கேட்ட பிறகு அந்தக் கைகால்களை ஆட்டிப் பார்க்காமல் யாரால் போக முடியும்?

எல்லா கேமும் சொல்லில் அப்படி அகப்படாது, சிலது கையில்தான் புரியும். டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-ல் முடித்த நார்பாகுலர் டிராப் என்ற கேமில் ஒரே ஒரு யோசனைதான்: சுவரில் இரண்டு வாசல் வைக்கலாம், ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். கதாநாயகிக்குத் தாவக்கூடத் தெரியாது. கல்லூரிக் கண்காட்சியில் அதைப் பார்த்த வால்வ் நிறுவனத்தார் மொத்தக் குழுவையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், 2007-ல் அது போர்ட்டல் என்ற கேம் ஆனது. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்த கேமில் வாசல்களைத் தவிரக் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை, அதனால் பார்ப்பவர் கவனம் சிதறவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். உங்கள் கேமில் ஏழு அம்சம் இருந்தால் மேசையில் ஒன்றைக் காட்டுங்கள். ஆயுதம் மேம்படுத்துவது, கடை, சமையல், எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வேண்டாமே.

மேசை

திரை உங்களைப் பார்த்து இருக்கக்கூடாது, நடைபாதையைப் பார்த்து இருக்கவேண்டும். சிரிக்காதீர்கள், லேப்டாப்பைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருப்பவர்களை எல்லாக் கண்காட்சியிலும் பார்க்கலாம். முடிந்தால் இன்னொரு மானிட்டரை உயரமாக வைத்து அதே காட்சியைக் காட்டுங்கள். நாற்காலி ஒன்று போதும், அது விளையாடுபவருக்கு. நீங்கள் நில்லுங்கள், மேசைக்குப் பக்கவாட்டில்.

எழுத்து பெரிதாக இருக்கவேண்டும், இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்க முடியவேண்டும். கூட்டத்தின் இரைச்சலில் ஸ்பீக்கரும் கேட்காது, ஹெட்போன் போட்டால் சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்காது, ஆக சத்தமே இல்லாமலும் கேம் புரிகிற மாதிரி செய்துகொள்ளுங்கள், வசனம் இருந்தால் எழுத்திலும் வரட்டும். ஹெட்போன் வைத்தால் துடைக்கத் துணியோ டிஷ்யூவோ பக்கத்தில் இருக்கட்டும். கன்ட்ரோலர் இரண்டு, வயர் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது, வயர்லெஸ் கன்ட்ரோலர்கள் பக்கத்து மேசைக் கணினியோடு ஜோடி சேர்ந்துகொள்கிற விபரீதம் எல்லாம் நடக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜர், வயரைத் தரையோடு ஒட்ட டேப். யாராவது கால் தடுக்கி விழுந்தால் அன்றைய நாள் அத்தோடு முடிந்தது.

கன்ட்ரோல் விஷயத்தில் கொஞ்சம் இரக்கம் வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் கன்ட்ரோலரைப் பிடித்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது குச்சியில் நடந்துகொண்டே வலது குச்சியில் கேமராவைத் திருப்புவது உங்களுக்குச் சைக்கிள் ஓட்டுவது மாதிரி, அவருக்கு அது ஒரே நேரத்தில் தலையைத் தட்டிக்கொண்டு வயிற்றைத் தடவுவது மாதிரி. காட்டும் பில்டில் கேமராவைத் தானாகத் திரும்பவிட முடியுமா என்று பாருங்கள். பயன்படாத பட்டன்களை முடக்கிவிடுங்கள். பயன்படும் இரண்டு மூன்று பட்டன்களில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, திரையிலும் அதே வண்ணத்தையும் கூடவே ஒரு வடிவத்தையும் காட்டுங்கள், வண்ணத்தை மட்டும் நம்பவேண்டாம், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், முக்கியமாக ஆண்களில், நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 1972-ல் வந்த பாங் என்ற ஆர்கேட் கேம் இயந்திரத்தில் விளையாடும் முறை பற்றி எழுதியிருந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு வரி, அதிக ஸ்கோருக்குப் பந்தைத் தவறவிடாதே என்று. உங்கள் மேசையில் ஏ4 தாள் நிறைய விதிமுறை ஒட்டியிருந்தால் அதை யாரும் படிக்கப்போவதில்லை, பிழை தாளில் இல்லை, கேமில்.

பளிச் பளிச்சென்று மின்னும் காட்சி இருந்தால் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது. வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், எச்சரிக்கை எழுதி வைத்துவிட்டேன் என்பது போதாது, காட்டும் பில்டில் அதை எடுத்தே விடுங்கள். ரத்தக்களரி கேம் என்றால் குழந்தைகள் வரும் இடத்தில் எங்கே வைப்பது என்று நடத்துபவர்களிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வாயை மூடிக்கொண்டு நிற்பது

இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒருவர் வந்து உட்கார்ந்ததும் உங்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள், கன்ட்ரோலரைக் கொடுங்கள், அவ்வளவுதான். "இது இன்னும் முடிக்கலை", "இங்க ஒரு பக் இருக்கு", "ஆர்ட் எல்லாம் டெம்பரரி", இந்த மன்னிப்புப் பட்டியல் எதுவும் வேண்டாம். நீங்கள் சொல்லாவிட்டால் பாதியை அவர் கவனிக்கவே மாட்டார், சொன்னால் தேடிப் பிடிப்பார். பிறகு அவர் சுவரில் முட்டுவார். சாவி பக்கத்திலேயே இருக்கும், பார்க்க மாட்டார். உங்களுக்குக் கை பரபரக்கும். கன்ட்ரோலரைப் பிடுங்கி "இப்படி" என்று செய்துகாட்டத் தோன்றும். செய்யாதீர்கள். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அதற்குள் அவரே கண்டுபிடித்தால் அவர் முகத்தில் வரும் அந்தச் சிரிப்புக்காகத்தான் நாம் கேம் செய்கிறோம், கண்டுபிடிக்காவிட்டால் உங்களுக்கு ஒரு விலைமதிப்பற்ற தகவல் கிடைத்தது. இருபது எண்ணியும் தவித்தால், அவர் முகம் வாடத் தொடங்கினால், அப்போது உதவுங்கள், இது பரீட்சை இல்லை.

டீமில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மேசையில் இருந்தால் நல்லது. ஒருவர் பேச, இன்னொருவர் கொஞ்சம் தள்ளி நின்று நோட்டில் குறிக்க. என்ன குறிப்பது? எங்கே நின்றார், எதைத் தவறாகப் புரிந்துகொண்டார், எங்கே சிரித்தார், எந்த நிமிடத்தில் எழுந்தார். கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். ஒருவர் தடுமாறினால் அது அவர் பாடு, மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அது உங்கள் பாடு. முடித்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார், எதிரில் நிற்பது கேம் செய்தவர் ஆயிற்றே. "அந்தப் பாலத்துகிட்ட நின்னீங்களே, என்ன செய்யணும்னு நினைச்சீங்க?" என்று கேளுங்கள், கொட்டும். அவர் தருகிற யோசனைகளை ("மல்டிபிளேயர் வைக்கலாமே") நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். பொதுவாகச் சொல்லும் தீர்வு தவறாக இருக்கும், ஆனால் அதன் பின்னால் இருக்கும் குறை நிஜம்.

குழந்தைகள் பொய் சொல்ல மாட்டார்கள், சலித்தால் எழுந்து ஓடிவிடுவார்கள். ஒரே குழந்தை ஒரு மணி நேரம் நகராமல் இருப்பதும் நடக்கும், "அடுத்தவங்களுக்கு நீ சொல்லிக்கொடுக்கிறியா?" என்று கேட்டுப் பாருங்கள், மேசைக்கு இலவசமாக ஓர் ஆள் கிடைத்துவிடும். விளையாடுபவர்களைப் படமோ வீடியோவோ எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

இணையத்தில் வைப்பது

கண்காட்சிக்கு முன்பே ஒரு பக்கம் தயாராக இருக்கவேண்டும். பிடித்துப்போனவர் "இது எங்க கிடைக்கும்?" என்று கேட்கும்போது "சீக்கிரம் போடுவோம்" என்றால் அவர் மறந்துவிடுவார். ஒரு க்யூஆர் கோடு அச்சடித்துக் கண் உயரத்தில் ஒட்டுங்கள், ஒட்டுமுன் வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

மாணவர் கேமுக்கு முதல் வீடாக நான் சொல்வது இட்ச்.ஐஓ என்ற இணையதளம். பதிவுக் கட்டணம் இல்லை, இலவசமாகவும் வைக்கலாம், விரும்பியதைக் கொடுங்கள் என்றும் வைக்கலாம், பிரவுசரிலேயே ஓடவும் வைக்கலாம். இந்தக் கடைசி வசதி பெரிய விஷயம், ஏனென்றால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் இஎக்ஸ்இ கோப்பை இறக்கினால் விண்டோஸ் ஒரு மிரட்டல் எச்சரிக்கை காட்டும், பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். பிரவுசர் பில்ட் என்றால் ஜிப்பின் மேல்மட்டத்திலேயே இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் இருக்கவேண்டும், உள்ளே இன்னொரு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது ஒரு சடங்கு மாதிரி எல்லாருக்கும் நடக்கிறது. பயனர் ஒருமுறை கிளிக் செய்யும் வரை பிரவுசர்கள் பெரும்பாலும் சத்தத்தை ஒலிக்க விடாது, அதனால் "தொடங்க அழுத்தவும்" என்று ஒரு திரை வையுங்கள். அட்டைப் படம் 630-க்கு 500 பிக்சல், அது சின்னதாகச் சுருங்கித் தெரியும்போதும் கேமின் பெயர் படிக்க முடியவேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் மெனுவைப் போடாதீர்கள். ட்ரெய்லர் ஒரு நிமிடத்துக்குள், முதல் விநாடியிலிருந்தே விளையாட்டு, லோகோ எல்லாம் கடைசியில்.

ஸ்டீம் என்ற பெரிய இணைய கேம் கடை வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசரம் வேண்டாம் என்கிறேன். ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டவேண்டும், கேம் 1000 டாலர் சம்பாதித்த பிறகுதான் அது திரும்ப வரும். பணம் கட்டியதிலிருந்து 30 நாள் காத்திருக்கவேண்டும், "விரைவில்" என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் இருந்தாகவேண்டும். அடுத்த வாரம் கண்காட்சி, ஸ்டீமில் போட்டுவிடலாம் என்பதெல்லாம் நடக்காது. ஏஐ வைத்துச் செய்த படமோ இசையோ கேமில் இருந்தால் அங்கே சொல்லியாகவேண்டும், 2024 ஜனவரியிலிருந்து அதற்கென்றே கேள்விகள் கேட்கிறார்கள்.

வெளியே வைக்கும்முன் ஒரு சாயங்காலம் ஒதுக்கி எதெல்லாம் உங்களுடையது என்று பாருங்கள். வகுப்புக்குள் யாரும் கேட்காத பாட்டு, எங்கிருந்தோ எடுத்த ஃபாண்ட், நண்பன் கொடுத்த 3டி மாடல், எல்லாவற்றுக்கும் பொதுவெளியில் பதில் சொல்லவேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் (மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று அனுமதி தரும் லைசென்ஸ்) என்று போட்டிருந்தாலும் எல்லாம் ஒன்றில்லை. சிசி பை என்றால் பெயர் போட்டே ஆகவேண்டும், என்சி என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, சிசி ஜீரோ என்றால் கவலையில்லை. எஞ்சினையும் மென்பொருள்களையும் மாணவர் லைசென்ஸில் பயன்படுத்தியிருந்தால் அது விற்பனைக்கு அனுமதிக்கிறதா என்று படியுங்கள். சில கல்வி நிலையங்களில் மாணவர் படைப்பின் உரிமை யாருக்கு என்று தனி விதியே இருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள், எழுத்தில். கேமின் பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள், அதே பெயரில் ஏற்கெனவே நாலு இருந்தால் இப்போதே மாற்றுவது நல்லது.

கிரெடிட்ஸ். டீமில் சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான், புரோகிராம் கோடால் இல்லை. பாதியில் விலகிப்போனவர் பெயரும் இருக்கட்டும், அவர் செய்தது கேமில் இருக்கிறதென்றால். யார் பெயர் எந்த வேலைக்கு நேராக வரும் என்று எல்லாரும் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு பக்கத்தில் போடுங்கள்.

கண்காட்சி முடிந்த அன்றிரவு, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், நோட்டைத் திறந்து குறிப்புகளைப் படிக்கிற மாதிரி திருப்பி எழுதுங்கள், மறுநாள் காலையில் "பாலம் — 3 பேர் — மேலே??" என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியாது. அதிகம் பேர் மாட்டிக்கொண்ட மூன்று இடங்களை மட்டும் எடுத்துச் சரிசெய்து, அந்த வாரத்துக்குள் இணையப் பக்கத்தில் புதுப் பதிப்பு ஏற்றுங்கள், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தவர்கள் அப்போதுதான் வந்துகொண்டிருப்பார்கள். மேசையில் ஓடிய பழைய பில்டை அழித்துவிடாதீர்கள், தேதி போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள், அடுத்த கண்காட்சிக்கு அழைப்பு வரும்போது எஞ்சின் பதிப்பு மாறிப்போய் புதியது எதுவும் ஓடாமல் நிற்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.